ரிம், டயர் அளவு மாற்றிய பின் வரும் கோளாறுகள்: அறிகுறி வழியே பிழை தேடும் முறை

15 அங்குல ரிம்மைக் கழற்றி 17 மாட்டியதும் கார் எடுப்பாகத்தான் தெரியும். கோளாறு பிறகுதான் தலைகாட்டும். சிங்கப்பூரின் பிஐஇ விரைவுச்சாலையில் 90-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கார்ப்பார்க்கின் வளைந்த சரிவில் எதிலோ உரசும். பெட்ரோல் சீக்கிரம் தீர்வதுபோல் இருக்கும். “பெரிய ரிம், அப்படித்தான் இருக்கும்” என்று விட்டுவிடாதீர்கள். ரிம்மின் அங்குலம் மட்டும் இவற்றைக் கொண்டுவருவதில்லை. டயரின் மொத்த விட்டம், அகலம், ஆஃப்செட் (ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, அது காரில் பொருந்தும் முகம் வரையான தூரம்), ரிம்மின் நடுத்துளை, காற்றழுத்தம் என்ற ஐந்தில் ஏதோ ஒன்று உங்கள் காருக்குப் பொருந்தவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் எண்களை எழுதிக்கொள்ளுங்கள்

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கம்பெனி டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கும். புது டயரின் பக்கச்சுவரில் அளவையும் அதற்கு அடுத்துள்ள சுமை எண்ணையும் பாருங்கள். ரிம்மின் பின்பக்கத்தில் “7.5ஜே இடி38” என்பதுபோல் அச்சாகியிருக்கும். முன்னது ரிம்மின் அகலம் அங்குலத்தில், பின்னது ஆஃப்செட் மில்லிமீட்டரில். பழைய ரிம்மிலும் இதே எண்களைப் பார்த்து அருகருகே எழுதுங்கள்.

விட்டத்தை நீங்களே கணக்குப் போடலாம். 195/65 ஆர்15 என்றால் 195 டயர் அகலம் மில்லிமீட்டரில், 65 விகித எண், 15 ரிம் அங்குலம். டயர் அகலத்தை விகித எண்ணால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் பக்கச்சுவரின் உயரம். அதை இரட்டித்து, ரிம் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கி வரும் எண்ணோடு கூட்டினால் மொத்த விட்டம்.

195/65 ஆர்15: 634.5 மி.மீ.
205/55 ஆர்16: 631.9 மி.மீ.
225/45 ஆர்17: 634.3 மி.மீ.
225/40 ஆர்18: 637.2 மி.மீ.
225/50 ஆர்17: 656.8 மி.மீ.

முதல் நான்கும் ஒன்றுக்கொன்று மாற்றாகப் போடக்கூடியவை, விட்டத்தில் ஒரு சதவீதம்கூட வித்தியாசமில்லை. ஐந்தாவது 3.5 சதவீதம் பெரியது. 45-க்கும் 50-க்கும் என்ன பெரிய வேறுபாடு என்று நினைத்து, கையிருப்பில் இருந்ததை மாட்டிக்கொண்டு வருவதில்தான் பல தொல்லைகள் தொடங்குகின்றன. கம்பெனி விட்டத்திலிருந்து ஒன்றரை சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. மூன்றைத் தாண்டினால் வேறு எதையும் ஆராய்வதற்குமுன் டயரை மாற்றுங்கள்.

80, 90 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது

ரிம் மாற்றியவர்களிடம் அதிகம் கேட்கும் புகார் இது. எடுத்த எடுப்பில் எல்லாரும் பேலன்சிங் சரியில்லை என்பார்கள். மூன்று தடவை பேலன்சிங் செய்தும் நடுக்கம் போகவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் அங்கே இல்லை, நடுத்துளையில் இருக்கிறது.

பல கார் வகைகளுக்கும் பொருந்தட்டும் என்று வெளிச்சந்தை ரிம்களில் நடுத்துளையைப் பெரிதாக, பெரும்பாலும் 73.1 மி.மீ. அளவில் விடுகிறார்கள். காரின் ஹப் (சக்கரம் பொருந்தும் நடுப்பகுதி) அதைவிடச் சிறியது: டொயோட்டாவில் 60.1 அல்லது 54.1, ஹோண்டாவில் 64.1, மாஸ்டா, ஹியுண்டாய், கியாவில் 67.1, வோக்ஸ்வேகனில் 57.1 என்பவை பரவலான அளவுகள். இந்த இடைவெளியை ஹப் ரிங் நிரப்ப வேண்டும். அது இல்லாவிட்டால் சக்கரத்தை நடுவில் பிடித்து வைப்பவை நட்டுகள் மட்டுமே. இறுக்கும்போது கால் மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அது நடுக்கமாக வெளிவரும். பேலன்சிங் இயந்திரம் சக்கரத்தைத் தன் சொந்தக் கூம்பில் மையப்படுத்துவதால் அங்கே எல்லாம் சுழியம் என்றே காட்டும். காரில் மாட்டியதும் மறுபடி நடுங்கும்.

தேடும் வரிசை இது:

1. நடுக்கம் எங்கே என்று கவனியுங்கள். ஸ்டியரிங்கில் என்றால் முன்சக்கரம், இருக்கையிலும் தரையிலும் என்றால் பின்சக்கரம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் என்றால் அது டிஸ்க் விவகாரம். நட்டுகளை ஏற்றத்தாழ்வாக இறுக்கியிருந்தாலும் டிஸ்க் சீராக அமராமல் நாளடைவில் அப்படி ஆகும்.

2. சக்கரத்தைக் கழற்றி ஹப் ரிங் இருக்கிறதா, சரியான உள்விட்டமா, வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் ரிங் பிரேக் சூட்டில் உருகி உடைவதுண்டு. சரிவுகளில் நிறைய ஓட்டுபவர்கள் அலுமினிய ரிங்காகவே கேட்டு வாங்குங்கள்.

3. ஹப்பின் முகத்தில் துரு, பழைய அழுக்கு இருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுங்கள். ரிம் தட்டையாக உட்கார வேண்டும்.

4. நட்டின் வடிவம் ரிம்மின் குழிக்குப் பொருந்துகிறதா பாருங்கள். வெளிச்சந்தை ரிம்களுக்குப் பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு நட்டு வேண்டும். ஹோண்டாவின் கம்பெனி நட்டு உருண்டை முகம் கொண்டது. அதைக் கூம்புக் குழியில் போட்டால் ஒரு கோட்டில் மட்டுமே தொடும், சில நாளில் தளரும். மரையும் முக்கியம். டொயோட்டா, ஹோண்டா, மாஸ்டா, ஹியுண்டாய்க்கு எம்12 × 1.5. நிசான், சுபாருவுக்கு எம்12 × 1.25. தவறான மரை இரண்டு மூன்று சுற்றில் இறுகி நின்றுவிடும். அங்கே காற்றுத் துப்பாக்கியால் அழுத்தினால் நட்டு ஏறும் ஸ்டட் போய்விடும். கையால் திருகும்போது 1.5 மரையில் குறைந்தது 8 முழுச் சுற்று உள்ளே போக வேண்டும்.

5. சக்கரம் தரையைத் தொடாத நிலையில், நட்சத்திர வரிசையில் கையால் இறுக்குங்கள். பிறகு காரை இறக்கி டார்க் ரெஞ்சால் முடியுங்கள். டொயோட்டா கார்களில் பெரும்பாலும் 103 நியூட்டன் மீட்டர், ஹோண்டாவில் 108. உங்கள் காரின் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி சரிபாருங்கள். இந்த இரண்டாம் இறுக்கத்தை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். சக்கரம் கழன்று ஓடுவதைத் தடுப்பது அதுதான்.

இவ்வளவுக்கும் பிறகு நடுக்கம் இருந்தால் பேலன்சிங்கைப் பாருங்கள். 17 அங்குல ரிம்மின் விளிம்பிலிருந்து 25 கிராம் ஈயம் விழுந்துவிட்டால், 90 கி.மீ. வேகத்தில் ஏறக்குறைய மூன்றரை கிலோ பாரம் வினாடிக்குப் பன்னிரண்டு முறைக்குமேல் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி இழுக்கும். ஒட்டும் எடைகள் வெயிலிலும் பிரேக் சூட்டிலும் பசை விட்டுப் போகும். ஒட்டும் இடத்தை ஆல்கஹாலால் துடைத்த பிறகே ஒட்டச் சொல்லுங்கள். கடைசியாக, ரிம்மே வளைந்திருக்கிறதா என்று சுழற்றிப் பாருங்கள். விளிம்பு ஒரு மில்லிமீட்டருக்குமேல் ஆடினால் எந்த எடையும் அதை ஆற்றாது.

கார் சோம்பலாகிவிட்டது, பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கிறது

பழி முதலில் ரிம்மின் எடைமேல் விழும். அதில் உண்மை உண்டு, ஆனால் நினைக்கும் அளவு இல்லை. ஒரு சக்கரத்துக்கு 3 கிலோ கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்குக்கும் 12 கிலோ. சுழலும் பாரம் முழுவதும் வெளிவிளிம்பில் இருந்தாலும் வேகமெடுக்கும்போது அது இரண்டு மடங்காகத்தான் கணக்காகும், அதாவது 24 கிலோ. 1,300 கிலோ காரில் பின் இருக்கையில் ஒரு தொடக்கப்பள்ளி மாணவர் ஏறி உட்கார்ந்ததற்குச் சமம்.

விட்டம் கூடியிருந்தால் விளைவு அதைவிடப் பெரிது. 195/65 ஆர்15-லிருந்து 225/50 ஆர்17-க்குப் போனால் எல்லாக் கியரும் 3.5 சதவீதம் நீண்டுவிடும். தரையில் இழுக்கும் விசை அந்த அளவுக்குக் குறையும். பிரேக் பிடிக்கும் விசையும் அதேபோல் குறையும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் ஊரில் இது காலுக்கு உடனே தெரியும்.

பெட்ரோல் கணக்கில் ஒரு மயக்கமும் இருக்கிறது. சக்கரம் பெரிதானால் மீட்டர் குறைவாக எண்ணும். அது 500 கி.மீ. என்று காட்டும்போது உண்மையில் 517.5 கி.மீ. ஓடியிருக்கும். 40 லிட்டர் போட்டிருந்தால் லிட்டருக்கு 12.5 என்று தோன்றும், உண்மை 12.9. நாளெல்லாம் ஓட்டும் தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்கள் இந்தத் திருத்தத்தைச் செய்தபிறகே செலவு கூடியதா என்று முடிவு கட்ட வேண்டும்.

திருத்திய பிறகும் கூடியிருந்தால் டயரின் வகையைப் பாருங்கள். ஹைபிரிட் கார்கள் பெரும்பாலும் உருளல் தடை குறைந்த ஒல்லி டயரோடு வருகின்றன. அதை எடுத்துவிட்டு அகலமான ஸ்போர்ட்ஸ் டயர் போட்டால் எரிபொருள் மிச்சத்தில் ஒரு பங்கு போய்விடும். ஐரோப்பிய லேபிள் ஒட்டிய டயரில் எரிபொருள் தரம் ஏ முதல் இ வரை குறித்திருக்கும். பழைய டயரும் புதியதும் அதில் எந்த எழுத்து என்று ஒப்பிடுங்கள்.

வேகமானியையும் இங்கேயே பார்த்துவிடலாம். பெரும்பாலான கார்களில் அது உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூட்டியே காட்டும்படி அமைந்திருக்கும். பெரிய டயர் அந்தப் பாதுகாப்பைத் தின்றுவிடுகிறது. போக்குவரத்து குறைந்த நேரத்தில் ஒரே வேகத்தில் சென்று, உடன் வருபவரைக் கைப்பேசியின் ஜிபிஎஸ் வேகத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஜிபிஎஸ் அதிகமாகக் காட்டினால், 80 என்று நினைத்து அதற்குமேல் ஓட்டுகிறீர்கள். கேமராவுக்கு முன்னால் டயர் அளவு சமாதானம் ஆகாது.

உரசுகிறது

எப்போது உரசுகிறது என்பதுதான் விடை. ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது மட்டும் என்றால் உள்பக்கம்: டயர் உள்ளுறை பிளாஸ்டிக்கையோ சஸ்பென்ஷன் கையையோ தொடுகிறது. மேட்டில் ஏறி இறங்கும்போது என்றால் வெளிப்பக்கம், ஃபெண்டரின் (சக்கரத்துக்கு மேலுள்ள உடல் தகடு) மடிப்பு. தனியாகப் போகும்போது சத்தமே இல்லை, நான்கு பேரும் பெட்டிகளும் ஏறி, முக்கால் டாங்க் பெட்ரோலோடு மலேசியாவின் ஜொகூர் பக்கம் போகும்போது மட்டும் பின்னால் ‘சர்’ரென்று கேட்கிறது என்றால் பின் ஃபெண்டர். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் எல்லை தாண்டுமுன் இதைச் சோதித்துவிடுவது நல்லது. பாரம் ஏறிய காரில் 110 கி.மீ. வேகத்தில் உரசும் டயர், பக்கச்சுவர் அறுந்து வெடிக்கக்கூடும்.

உள்ளேயா வெளியேயா என்பதை எண்களிலேயே பார்க்கலாம். பழையது 6.5ஜே இடி45, புதியது 7.5ஜே இடி38 என்றால்: அகலம் ஓர் அங்குலம் கூடியதில் பக்கத்துக்கு 12.7 மி.மீ. ஆஃப்செட் 7 குறைந்ததால் சக்கரம் முழுவதும் 7 மி.மீ. வெளியே வந்திருக்கிறது. ஆக வெளிவிளிம்பு 19.7 மி.மீ. வெளியே, உள்விளிம்பு 5.7 மி.மீ. உள்ளே.

இடத்தை உறுதிப்படுத்த, ஃபெண்டர் மடிப்பிலும் உள்ளுறையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, வழக்கமான பாரத்தோடு கார்ப்பார்க்கை ஒரு சுற்று ஏறி இறங்குங்கள். கிழிந்த இடம் காட்டிக்கொடுக்கும். உள்ளுறையின் ஒரு கிளிப் கழன்று தொங்கினாலும் இதே சத்தம்தான் வரும். அதையும் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

தீர்வில் எங்கள் பரிந்துரை வரிசை: டயரை ஒரு அளவு ஒல்லியாக்குவது, அதற்கடுத்து சரியான ஆஃப்செட் கொண்ட ரிம், அதற்குப் பிறகே ஃபெண்டர் மடிப்பைச் சுருட்டுவது. ரிம்முக்கு ஒவ்வாத ஒல்லி டயரை இழுத்து மாட்டுவது தீர்வாகாது. 225/45 ஆர்17-க்கு ஏற்ற ரிம் அகலம் 7 முதல் 8.5 அங்குலம், 205/55 ஆர்16-க்கு 5.5 முதல் 7.5. அந்த வரம்புக்கு வெளியே போனால் குழியில் விழும்போது டயர் விளிம்பை விட்டு நழுவும். உள்ளே உரசுகிறது என்பதற்காக ஸ்பேசர் (ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையே வைக்கும் தகடு) போட்டு வெளியே தள்ளுவதையும் தவிருங்கள். டயர் ஃபெண்டருக்கு வெளியே நீட்டினால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிக்குப் பொருந்தாது, பேரிங்கின் ஆயுளும் குறையும்.

ஒவ்வொரு மேட்டிலும் தூக்கிப் போடுகிறது

195/65 ஆர்15-ன் பக்கச்சுவர் 126.75 மி.மீ. 225/40 ஆர்18-ல் அது 90 மட்டுமே. அந்த 37 மில்லிமீட்டர் ரப்பர்தான் இதுவரை மேடுகளை விழுங்கிக்கொண்டிருந்தது. இதை முழுதாக ஈடுகட்ட வழியில்லை. ஆனால் காற்றழுத்தம் தவறாக இருந்தால் நிலைமை மேலும் மோசமாகும்.

மெத்தென்று இருக்கட்டும் என்று காற்றைக் குறைப்பவர்கள் கவனிக்க வேண்டும்: 18 அங்குல டயர்கள் பலவும் கூடுதல் சுமை தாங்கும் எக்ஸ்எல் வகை. 225/40 ஆர்18 92 எக்ஸ்எல் என்றால் 630 கிலோ தாங்கும், ஆனால் அதற்கு 42 பிஎஸ்ஐ வேண்டும். 36-ல் அது ஏறக்குறைய 560 கிலோதான் தாங்கும். அதனால் கதவு ஸ்டிக்கரில் 33 என்று இருந்தால் எக்ஸ்எல் டயருக்கு 36, 37 வையுங்கள். குறைத்தால் குழியில் ரிம் நேராக அடிவாங்கும். காலையில் வண்டி எடுக்குமுன் அளந்தால்தான் சரியான எண் கிடைக்கும். விரைவுச்சாலையில் ஓடிவந்து 40 காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிடாதீர்கள்.

பக்கச்சுவரில் முட்டை போல் புடைப்பு தெரிந்தால், கார்ப்பார்க் கல்விளிம்பிலோ குழியிலோ இடித்து உள்ளே நூல் அறுந்திருக்கிறது. அதற்கு ஒட்டு கிடையாது. அந்த டயரில் விரைவுச்சாலைக்குப் போகக் கூடாது.

ஒரு பக்கம் இழுக்கிறது, தடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது

இரண்டும் வேறு வேறு. கனரக வண்டிகள் அழுத்திய பள்ளத் தடத்தில் கார் தானாக அங்குமிங்கும் மேய்ந்தால், அது அகலமான டயரும் குறைந்த ஆஃப்செட்டும் சேர்ந்து செய்வது. கம்பெனி ஆஃப்செட்டை நெருங்க நெருங்கக் குறையும். அலைன்மென்ட்டால் ஓரளவுதான் அடங்கும்.

சீரான சாலையில் எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால், காற்றைச் சமப்படுத்திவிட்டு முன் இரண்டு சக்கரங்களையும் இடவலம் மாற்றிப் போடுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயரின் குற்றம். மாறாவிட்டால் அலைன்மென்ட் அல்லது ஒட்டிப்பிடிக்கும் பிரேக். சுழலும் திசை அம்புக்குறி போட்ட டயர் என்றால் இடவலம் மாற்றாமல், அதே பக்கத்தில் முன்பின் மாற்றிப் பாருங்கள்.

புதிதாக ஒரு ‘ஊம்’ சத்தம்

டயர்ப் பரப்பில் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியேயும், பிறகு வெளியிலிருந்து உள்ளேயும் ஓட்டுங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் ரம்பம் போல் குத்தினால் டோ கோணம் (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) தவறியிருக்கிறது. அலைன்மென்ட் செய்யுங்கள், சத்தம் தேய்ந்து மறையச் சில ஆயிரம் கி.மீ. ஆகும். சக்கரம் சுற்றச் சுற்ற ‘டிக், டிக்’ என்று தட்டினால், உள்ளே ஒட்டிய எடை பிரேக் காலிப்பரைத் தொடுகிறது. ரிம்மைச் சிறியதாக்கியவர்களுக்கு இது அடிக்கடி வரும். காலிப்பருக்கும் ரிம்முக்கும் இடையே குறைந்தது 3 மி.மீ. இல்லாவிட்டால் அந்த ரிம்மே வேண்டாம்.

மழையில் மிதக்கிறது

அகலமான டயர் தண்ணீரைப் பிளந்து போகாமல் அதன்மேல் ஏறிக்கொள்ள முனையும். சட்டம் கேட்பது 1.6 மி.மீ. பள்ளம். டிசம்பர் பருவமழையில் ஏய்இ, பிஐஇ விரைவுச்சாலைகளில் ஓட்டுபவர்கள், அதுவும் 225-க்கு மாறியவர்கள், 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள். காற்று குறைந்திருந்தால் மிதப்பு இன்னும் குறைந்த வேகத்திலேயே தொடங்கும்.

எச்சரிக்கை விளக்கு எரிகிறது

சக்கர வேகத்தை ஒப்பிட்டுக் காற்றை ஊகிக்கும் கார்களில், காற்றைச் சரியாக்கியபின் ரீசெட் செய்தால் போதும். ரிம்முக்குள் சென்சார் உள்ள வகை என்றால், பழைய ரிம்மிலிருந்து அது மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். ஏபிஎஸ் அல்லது சறுக்கல் தடுப்பு விளக்கு என்றால் முன், பின் விட்டங்கள் வேறுபடுகின்றனவா பாருங்கள். நாலுசக்கர இழுவைக் காரில் அந்த வேறுபாடு முன், பின் சக்கர இழுவையை இணைக்கும் கப்ளிங்கையே எரித்துவிடும். நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே வகை, ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும்.

பரிசோதனைக்குப் போகுமுன்

மூன்று வயதிலிருந்து பத்து வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை, பத்தைத் தாண்டினால் ஆண்டுதோறும் காரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். விக்கோமோ வேறு நிலையமோ, போகுமுன் மேலிருந்து செங்குத்தாகப் பார்த்து டயர் ஃபெண்டருக்குள் இருக்கிறதா, உரசல் தழும்பு, புடைப்பு, தேய்ந்த உள்விளிம்பு இருக்கிறதா என்று கவனியுங்கள். உள்விளிம்பை ஸ்டியரிங்கை ஒடித்து வைத்துப் பாருங்கள், நேராக நின்றால் தெரியாது. சுமை எண் கம்பெனி டயருடையதைவிடக் குறையக் கூடாது: 91 என்றால் 615 கிலோ, 87 என்றால் 545.

பழைய நட்டுகளை ரிம்மோடு சேர்த்து விற்றுவிடாதீர்கள். காரின் பின்பெட்டியில் இருக்கும் மாற்றுச் சக்கரம் இன்னமும் கம்பெனிச் சக்கரம்தான். அதற்குப் பொருந்துவது கம்பெனி நட்டு. ஒரு சக்கரத்துக்குரிய நான்கோ ஐந்தோ நட்டுகளை ஒரு பையில் போட்டு, லாக் நட்டு மாட்டியிருந்தால் அதன் சாவியையும் சேர்த்து, ஜாக் இருக்கும் இடத்திலேயே வையுங்கள்.